வாடகை வீட்டுச் சின்ன ஹாலில் ஹோம் தியேட்டர்: டர்பனிலும் ஜோபர்க்கிலும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனில் ஓவர்போர்ட், மஸ்கிரேவ் பக்கத்துப் பழைய ஃபிளாட், சாட்ஸ்வர்த்தில் பெரிய வீட்டின் பின்னால் கட்டிவிட்ட அவுட்பில்டிங், ஜோபர்க் என்று நாம் சொல்லும் ஜோஹானஸ்பர்க் பக்கம் மிட்ராண்ட் காம்ப்ளெக்ஸில் இரண்டு பெட்ரூம் வீடு. தென்னாப்பிரிக்காவில் நம்மவர்கள் வாடகைக்கு இருப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். ஹால் மூன்றரை மீட்டருக்கு நாலு மீட்டர் இருந்தால் அதிகம். செங்கல் சுவர், டைல்ஸ் தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. இதற்குள் நல்ல படம், நல்ல சத்தம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கணக்குதான் ஓடுகிறது: வீடு மாறும்போது கையோடு எடுத்துப் போக முடியாத எதிலும் ஒரு ராண்ட் கூடப் போடாதீர்கள்.

இவ்வளவு சின்ன ஹாலுக்கு இதெல்லாம் தேவையா?

சின்ன ஹால் என்பதால் செலவு குறையும். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் காதை நிறைக்கப் பெரிய ஆம்ப்ளிஃபயர் வேண்டாம், பெரிய ஸ்பீக்கரும் வேண்டாம். பெட்டியில் '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த வாட்டில் கால்வாசியைக்கூட நீங்கள் தொடப்போவதில்லை. சின்ன ஹாலின் உண்மையான தொல்லைகள் இரண்டு. ஒன்று எதிரொலி, இன்னொன்று மூலையில் போய்த் தேங்கும் பேஸ், அதாவது கனத்த 'டும் டும்' ஒலி. இரண்டையும் கீழே பார்க்கலாம்.

எத்தனை இஞ்ச் டிவி வாங்குவது?

கடைக்குப் போகும் முன் டேப் எடுத்து, சோபாவில் உங்கள் தலை இருக்கும் இடத்திலிருந்து டிவி நிற்கப்போகும் இடம் வரை அளந்துகொள்ளுங்கள். திரையின் மூலைவிட்ட நீளத்தைப்போல ஒன்றே கால் மடங்கிலிருந்து ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் வரை தள்ளி உட்கார்ந்தால் சினிமா பார்க்கிற நிறைவு கிடைக்கும். 55 இஞ்ச் டிவியின் மூலைவிட்டம் சுமார் 140 செ.மீ. அப்படியானால் 1.75 மீட்டரிலிருந்து 2.2 மீட்டர் வரை. 43 இஞ்சுக்கு 1.35-இலிருந்து 1.75 வரை. நம் ஹால்களில் சோபாவுக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையில் இரண்டரை மீட்டருக்குள்தான் வரும் என்பதால், பெரும்பாலோருக்கு 55 சரி.

உயரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கண் திரையின் நடுப்பகுதிக்கோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ நேராக இருக்க வேண்டும். ஃபோட்டோ மாட்டும் உயரத்தில் டிவியை ஏற்றிவிட்டு, இரண்டரை மணி நேரப் படம் முடிந்ததும் கழுத்து வலிக்கிறது என்றால் டிவி என்ன செய்யும்?

வாங்கி வந்ததும் முதல் வேலை, படத்தை வழவழவென்று காட்டும் 'மோஷன்' அமைப்பை அணைப்பது. சினிமா வினாடிக்கு 24 ஃபிரேம்; டிவி நடுவில் தானாக ஃபிரேம்களை உண்டாக்கிச் சொருகினால் எந்தப் படமும் மெகா சீரியல் போலாகிவிடும். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், போதும்.

டிவிக்குப் பதில் ப்ரொஜெக்டர் வாங்கலாமா?

வாங்கலாம், இரவில் மட்டும் படம் பார்ப்பவராக இருந்தால். டர்பன் வெயில் கண்ணாடிக் கதவு வழியாக இறங்கும்போது எந்த ப்ரொஜெக்டரும் வெளிறித்தான் போகும். கனமான திரைச்சீலை போட்டால் இருட்டாகும், ஆனால் பிப்ரவரிப் புழுக்கத்தில் கதவையும் சீலையையும் மூடிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

100 இஞ்ச் படத்தின் அகலம் 2.2 மீட்டர். ப்ரொஜெக்டரின் 'த்ரோ ரேஷியோ' எத்தனையோ, அதை இந்த அகலத்தால் பெருக்கினால் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று வந்துவிடும். 1.2 என்றால் 2.65 மீட்டர், அதாவது உங்கள் தலைக்கு மேலேயோ பின்னாலேயோ. 0.5 என்றால் 1.1 மீட்டர், சோபாவுக்கு முன்னால் டீப்பாய் மேலேயே வைத்துவிடலாம். வாடகை வீட்டுக்கு இப்படிப் பக்கத்திலேயே வைக்கும் ஷார்ட் த்ரோதான் வசதி, சீலிங்கில் எதையும் தொங்கவிட வேண்டியதில்லை. ஆன்லைனில் மலிவாக வரும் குட்டிப் பெட்டிகளில் '4கே சப்போர்ட்' என்று இருக்கும். 4கே படத்தை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அதற்கு அர்த்தம். உள்ளே காட்டுவது 720 வரிகளாக இருக்கலாம். 'நேட்டிவ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள்.

சவுண்ட்பாரா, 5.1 செட்டா?

சவுண்ட்பார் என்பது டிவிக்கு அடியில் வைக்கும் நீளமான ஸ்பீக்கர்ப் பெட்டி. 5.1 செட் என்றால் தனித்தனியாக ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கென்று ஒரு சப்வூஃபர். அதில் பின்பக்க ஸ்பீக்கர் இரண்டும் கேட்பவரின் பக்கவாட்டில் அல்லது சற்றுப் பின்னால், டிவி இருக்கும் திசையிலிருந்து சுமார் 110 டிகிரியில் வர வேண்டும். நம் ஹாலில் சோபா சுவரோடு ஒட்டிக் கிடக்கும். பின்னால் இடமே இல்லை. அதனால் ஒன்றை ஜன்னல் விளிம்பிலும் இன்னொன்றை ஃபிரிட்ஜ் மேலும் வைக்கிறார்கள். அப்புறம் மழை ஒரு பக்கம் மட்டும் பெய்கிறது.

மூன்றரை மீட்டர் ஹாலுக்கு நான் சொல்வது 3.1 சவுண்ட்பார்: இடம், வலம், நடுவில் வசனத்துக்கென்று தனியாக ஒரு ஸ்பீக்கர், அப்புறம் ஒரு சப்வூஃபர். 2.1 பாரில் அந்த நடு ஸ்பீக்கர் இருக்காது. விலை வித்தியாசம் தெரியும்தான், ஆனால் நம் படங்களுக்கு அந்த நடு ஸ்பீக்கர்தான் உயிர். சத்தத்தில் கொஞ்சம் ருசி உள்ளவர் என்றால், பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் செகண்ட்ஹேண்டில் தேடுங்கள். பாட்டுக்கு இந்த ஜோடியை எந்த பாரும் நெருங்காது. சேரும் காசுக்கு ஏற்ப மற்றதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருவதுபோலக் காட்டுவது 'அட்மாஸ்'. அப்படி எழுதிய பார்களில் மேல்நோக்கிய ஸ்பீக்கர் சீலிங்கில் சத்தத்தை அடித்துக் கீழே இறக்குகிறது. அதற்குத் தட்டையான, அதிக உயரமில்லாத சீலிங் வேண்டும். டர்பனில் பெரியா என்ற பகுதியின் பழைய வீடுகளின் உயர்ந்த சீலிங்கிலும், அவுட்பில்டிங்கின் சரிந்த கூரையிலும் அந்தக் காசு வீண்.

இணைப்பு ஒன்றே ஒன்று: டிவியில் 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று எழுதிய எச்டிஎம்ஐ ஓட்டையிலிருந்து பாருக்கு. போட்ட பிறகு டிவியின் சவுண்ட் அமைப்புக்குள் போய், வெளியீடு 'பிசிஎம்' என்று இருந்தால் 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பல டிவிகள் 5.1 சத்தத்தை இரண்டு சேனலாகச் சுருக்கித்தான் அனுப்பும். நல்ல பார் வாங்கிவிட்டு வித்தியாசமே தெரியவில்லை என்று சொல்பவர்கள் வீட்டில் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

பேசுவது காதில் விழவில்லை, சண்டை வந்தால் வீடே அதிர்கிறது. ரிமோட்டும் கையுமாகவே படம் பார்க்கிறோம். என்ன செய்வது?

எல்லா வீட்டிலும் இந்தப் புலம்பல் உண்டு. தியேட்டருக்காகச் செய்த ஒலிக்கலவையில் மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் இடைவெளி அதிகம். நம் படங்களில் வசனத்துக்கு மேலேயே பின்னணி இசையும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தியேட்டரில் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர் வசனத்துக்காகவே நிற்கிறது. வீட்டில், டிவியின் முதுகில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் விரல்நீள ஸ்பீக்கர் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

நடு ஸ்பீக்கர் உள்ள செட் என்றால் அதன் அளவை மட்டும் இரண்டு மூன்று டெசிபெல் கூட்டுங்கள். சில பார்களில் இதுவே 'டயலாக்' அல்லது 'வாய்ஸ்' பட்டனாக இருக்கும். சப்வூஃபரை ஒரு படி குறையுங்கள். 'நைட் மோட்' போட்டால் பெரிய சத்தம் அமுங்கி, சின்னச் சத்தம் மேலே வரும். படத்தின் வீச்சு கொஞ்சம் குறையும் என்பது உண்மை. குழந்தை பக்கத்து ரூமில் தூங்கும்போது அந்த வீச்சு யாருக்கு வேண்டும்?

பார் வைத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். டிவி ஸ்டாண்டின் உள் தட்டில் செருகி வைத்தால் சத்தம் மேல் பலகையில் மோதி மங்கும். தட்டின் முன் விளிம்புவரை இழுத்து, விளிம்பைத் தாண்டி அரை விரல் நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே 'ச', 'ஷ' ஒலிகள் தெளியும். பாருக்கு முன்னால் கொலு மாதிரி பொம்மைகளையும் ரிமோட்டுகளையும் அடுக்க வேண்டாம்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ப்ளூடூத் ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பாட்டிக்குத் தன் சத்தம், மற்றவர்களுக்குத் தங்கள் சத்தம். ஹெட்ஃபோனும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் பாடுமா என்பதை மட்டும் டிவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா மாடலிலும் அது முடியாது.

சப்வூஃபரை எங்கே வைப்பது?

இடம் இருக்கும் மூலையில் என்பதுதான் எல்லோரும் செய்வது. மூலையில் பேஸ் பெருகும், கூடவே சில சுரங்கள் மட்டும் வீங்கி ஊளையிடும். அறையின் நீளமே இதற்குக் காரணம். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதை அறை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் அந்த அறை முதலில் வீங்கும் அதிர்வெண் கிடைக்கும். 4 மீட்டர் அறைக்கு அது 43 ஹெர்ட்ஸ் பக்கம். தவில் அடி ஒன்று 'தொம்' என்று விழ வேண்டிய இடத்தில் 'தொம்ம்ம்' என்று இழுத்தால் இதுதான் விஷயம்.

தீர்வு வேடிக்கையாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். சப்வூஃபரைத் தூக்கி சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் நிறைந்த, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். பிறகு முட்டிபோட்டு, காது தரையோடு தரையாக இருக்கும்படி சுவர் ஓரமாகவே தவழுங்கள். ஜன்னலுக்குக் கீழே பேஸ் காணாமலே போகும், மூலையில் காது அடைக்கும், நடுவில் ஏதோ ஓர் இடத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, சுத்தமாகக் கேட்கும். அங்கே ஒரு செருப்பை அடையாளம் போட்டுவிட்டு, சப்வூஃபரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வையுங்கள். வீட்டில் விருந்தாளி இல்லாத நாளாகப் பார்த்துச் செய்வது நல்லது.

செட்டில் 'கிராஸ்ஓவர்' (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சத்தம் சப்வூஃபருக்குப் போக வேண்டும்) என்று கேட்டால் 80 ஹெர்ட்ஸிலிருந்து ஆரம்பியுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர், கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்களா?

பேஸுக்குத்தான் வருவார்கள். எங்கள் கீழ்வீட்டு ஜுலு பாட்டியை எல்லோரும் கோகோ என்றுதான் கூப்பிடுவோம். மாடியில் பாட்டு ஓடுகிறதா, வசனம் ஓடுகிறதா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாதாம். 'டும் டும்' மட்டும்தான் கட்டில்வரை இறங்குகிறதாம். கான்கிரீட் தளம் பேச்சைத் தடுத்துவிடும், ஆனால் தரையில் நேராக உட்கார்ந்த சப்வூஃபர் தளத்தையே ஆட்டும். ஜிம்மில் போடும் தடித்த ரப்பர் மேட் துண்டு ஒன்றை அடியில் போடுங்கள். தரைவழி அதிர்வு குறையும், காற்றுவழி போவது போகத்தான் செய்யும்.

ஃபிளாட், காம்ப்ளெக்ஸ் என்றால் பாடி கார்ப்பரேட்டின், அதாவது அங்குள்ள வீட்டு உரிமையாளர்கள் அமைப்பின், நடத்தை விதிகள் லீஸோடு சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். சத்தம் எத்தனை மணிக்கு அடங்க வேண்டும் என்று அதில் பாருங்கள். அந்த விதி வாடகைக்கு இருப்பவரையும் கட்டுப்படுத்தும், அபராதம் வீட்டுக்காரர் கணக்கில் ஏறி உங்களிடம்தான் வந்து சேரும். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிடுவது என் வழக்கம்.

ஹாலில் பேசினாலே எதிரொலிக்கிறது. முட்டை அட்டை ஒட்டலாமா?

வேண்டாம். முட்டை அட்டை தூசி பிடிக்கும், தீப்பிடிக்கும். சத்தத்தை அது பெரிதாகத் தின்பதில்லை.

நடு ஹாலில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டியதற்குப் பின்னால் 'டிர்ர்' என்று ஒரு வால் கேட்டால், எதிரெதிரே இருக்கும் இரண்டு வெறும் சுவர்கள் சத்தத்தைப் பந்தாடுகின்றன. டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே கெட்டியான கம்பளம், கண்ணாடிக் கதவுக்கு மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த சீலை, பக்கச் சுவரில் ஒழுங்கில்லாமல் அடுக்கிய புத்தக அலமாரி. மூன்றும் வந்த பிறகு மறுபடி கைதட்டிப் பாருங்கள். மூன்றையுமே அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஃபோம் தகடு வாங்கி ஒட்டுபவர்கள் உண்டு. அதைப் பிய்க்கும்போது பெயிண்ட்டும் சேர்ந்து வரும்.

டிவியைச் சுவரில் மாட்ட ஓட்டை போடலாமா?

எழுத்தில் அனுமதி இருந்தால் போடலாம். வாயால் சொன்னது கணக்கில்லை. வாட்ஸப்பில் கேட்டு, பதிலை வைத்துக்கொண்டாலும் கைக்கு ஆதாரம். இல்லாவிட்டால் காலோடு நிற்கும் டிவி ஸ்டாண்ட் வாங்குங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அடிப்பகுதி அகலமானதாகப் பாருங்கள்.

டெபாசிட் விஷயம் தெரிந்திருக்கட்டும். 1999-ஆம் ஆண்டின் 'ரெண்டல் ஹவுசிங்' சட்டப்படி, குடிபோகும் முன் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் குறைகளை எழுதி வைக்க வேண்டும். காலி செய்யும்போது, லீஸ் முடிவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மறுபடி சேர்ந்து பார்க்க வேண்டும். சேதம் ஏதும் இல்லை, பாக்கியும் இல்லை என்றால் ஏழு நாளில் வட்டியோடு டெபாசிட் திரும்ப வர வேண்டும். பழுது பார்க்க வேண்டியிருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மீதியைப் பதினான்கு நாளில் தர வேண்டும். தகராறு என்றால் ரெண்டல் ஹவுசிங் டிரிப்யூனல் இருக்கிறது, கட்டணம் கிடையாது. அதனால் குடிபோன அன்றே, முன்னால் இருந்தவர் போட்ட ஓட்டைகளையெல்லாம் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். உங்கள் தலையில் அது விழக் கூடாது.

கேபிளைச் சுவர் அடிப் பலகை ஓரமாக, கழற்றக்கூடிய கிளிப் போட்டு ஓட்டலாம். ஸ்பீக்கர் ஒயர் கம்பளத்துக்கு அடியில் போகட்டும், ஆனால் கரண்ட் ஒயரை அங்கே போடாதீர்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் இங்கே வேலை செய்யுமா?

செய்யும். அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஊரில் வரும் பெரிய 16 ஆம்ப் மூன்று முனை பிளக் இங்கே சுவரில் அப்படியே நுழையும். சின்ன மூன்று முனை பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். புதிய கட்டடங்களில் ஒல்லியான முனைகளுக்கான அறுகோணச் சாக்கெட்டும் இருக்கும், ஃபோன் சார்ஜரின் இரண்டு முனை அதில் போகும்.

அடாப்டருக்கு மேல் அடாப்டர் சொருகிக் கோபுரம் கட்டாதீர்கள். ஜோபர்க் குளிரில் ஹீட்டரை டிவியின் மல்டிபிளக்கிலேயே போடுவதும் வேண்டாம். 2000 வாட் ஹீட்டர் ஒன்றே 8.7 ஆம்ப் இழுக்கும்.

லோட்ஷெடிங், இடி மின்னலிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

2023-இல் பட்ட பாட்டுக்கு இப்போது பரவாயில்லை. 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு பல மாதம் லோட்ஷெடிங்கே இல்லாமல் ஓடியது, 2025 முதல் பாதியில் மட்டும் சில தடவை எட்டிப்பார்த்தது. ஆனால் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் பழுது, சில பகுதிகளில் 'லோட் ரிடக்‌ஷன்' என்று கரண்ட் போவது நின்றபாடில்லை. கரண்ட் போவதைவிடத் திரும்பி வரும் நொடிதான் மோசம், அப்போதுதான் வோல்டேஜ் துள்ளும். போனவுடன் டிவி சுவிட்சைச் சுவரிலேயே அணைத்துவிடுங்கள், வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். சர்ஜ் புரொடெக்டர் உள்ள மல்டிபிளக் அவசியம். அதற்குள் இருக்கும் பாகம் ஒவ்வொரு துள்ளலிலும் கொஞ்சம் தேயும். 'புரொடெக்டட்' விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் மல்டிபிளக்தான், மாற்றுங்கள்.

மின்னல் வேறு. ஜோபர்க், பிரிட்டோரியா பக்கம் கோடைக்காலப் பிற்பகல்களில் இடிக்கும் இடிக்கு எந்த மல்டிபிளக்கும் உத்தரவாதம் தராது. வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குவதுதான் வழி. பவர் பிளக்கோடு சேர்த்து டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் கழற்றுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள், கூரையிலிருந்து நேராக டீகோடருக்கும், அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் மின்னல் இறங்க அது போதும்.

பேட்டரி இன்வெர்ட்டர் வாங்குவதாக இருந்தால் 'பியூர் சைன் வேவ்' என்று பாருங்கள், மலிவான வகையில் ஸ்பீக்கர் உறுமும். கணக்கு எளிது: 55 இஞ்ச் டிவி சுமார் 120 வாட், சவுண்ட்பார் 35, ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 15. ஆக 170. பெட்டியில் 500 வாட்-அவர் என்று இருந்தால் கையில் கிடைப்பது 425 போல, இரண்டரை மணி நேரம். ஒரு தமிழ்ப் படம் முடிந்துவிடும். கிளைமாக்ஸில் கெட்டில் போட மட்டும் யாரையும் விடாதீர்கள்.

டிவி லைசென்ஸ் கட்டாயமா? டிஷ் மாட்ட அனுமதி வேண்டுமா?

லைசென்ஸ் கட்டாயம்தான், டிவி வாங்கும்போதே கடையில் கேட்பார்கள். பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசிக்கு ஆண்டுக்கு 265 ராண்ட். ஒரே குடும்பமாக இருக்கும் வீட்டில் எத்தனை டிவி இருந்தாலும் ஒன்றே போதும்.

ஃபிளாட்டின் வெளித்தோற்றத்தை மாற்றும் எதற்கும் பாடி கார்ப்பரேட் டிரஸ்டிகளின் எழுத்து அனுமதி வேண்டும், பால்கனி டிஷ்ஷும் அதில் சேரும். பல கட்டடங்களில் பொது டிஷ் இருக்கும், முதலில் அதை விசாரியுங்கள். டர்பனில் பால்கனி வழியே கேபிள் போனால் குரங்குகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழம் தேடி வரும் கூட்டம் கையில் கிடைத்ததை இழுக்கும். கடலோர வீடுகளில் வெளியே இருக்கும் இணைப்புகள் உப்புக் காற்றில் பச்சை பூக்கும், ரப்பர் உறை போட்டு வையுங்கள்.

இன்டர்நெட் வேகம் எவ்வளவு வேண்டும்?

நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ். 25 எம்பிபிஎஸ் ஃபைபர் போதும். படம் நின்று நின்று வந்தால் பாக்கேஜை ஏற்றும் முன், ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்துப் பாருங்கள்.

செகண்ட்ஹேண்ட் வாங்கலாமா?

ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் தாராளமாக வாங்கலாம். டிவி மட்டும் யோசித்து. ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். ஃபோம் வளையம் என்றால் டர்பன் ஈரக் காற்றில் சில வருடங்களில் உதிரும், ரப்பர் வளையம் தாங்கும். உங்கள் ஃபோனைக் கொண்டுபோய், உங்களுக்குத் தெரிந்த பாட்டை அங்கேயே போட்டுக் கேளுங்கள்.

கடையில் வாங்கியதற்கு 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதப் பொறுப்பு தருகிறது. பொருளில் குறை என்றால் பழுதுநீக்கம், மாற்று, பணம் ஆகிய மூன்றில் எது வேண்டும் என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கலாம். ஆன்லைன் கடையில் வாங்கிய பொருளைக் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், அனுப்பும் செலவு உங்களுடையது. யாரோ ஒருவர் வீட்டில் போய் வாங்கும் பழைய பொருளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அதனால் பேரத்தை அங்கேயே முடித்துவிடுங்கள்.

வீடு மாறும்போது டிவியை எப்படிக் கொண்டுபோவது?

பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். கட்டிலுக்கு அடியில் தட்டையாக மடித்து வையுங்கள். டிவியை எப்போதும் நிமிர்த்தி வைத்தே ஏற்றுங்கள், படுக்க வைத்தால் பாதை குலுங்கும்போது பேனல் நடுவில் விரிசல் விடும். பக்கி என்று இங்கே சொல்லும் பிக்கப் வண்டியின் பின்னால் நிறுத்துவதானால், திரைப் பக்கத்தை மெத்தையோடு சேர்த்துக் கட்டுங்கள். காலின் ஸ்குருக்களை ஒரு சின்னப் பையில் போட்டு டிவியின் முதுகிலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஒயர்களைக் கழற்றும் முன் பின்பக்கத்தை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புது வீட்டில் முதல் ராத்திரி யாரும் ஏஆர்சி எந்த ஓட்டை என்று டார்ச் அடித்துத் தேட வேண்டாம்.